உஷார்! அட்டையில் ஒரு வருஷ வாரண்டி... உப்புக் காற்றில் எத்தனை நாள்?

பைக்கில் எக்ஸ்ட்ரா லைட் மாட்டப் போகிறீர்களா? மொபைல் ஹோல்டர், யு.எஸ்.பி. சார்ஜர், கிராஷ் கார்டு, பின்னால் மீன் பெட்டி வைக்க கேரியர் என்று ஏதாவது வாங்கப் போகிறீர்களா? பணத்தை எடுப்பதற்கு முன்னால் அந்த அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும் அதில் இல்லையென்றால் பெட்டியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். முன்பக்கம் எவ்வளவு கொட்டை எழுத்தில் ‘1 வருட வாரண்டி’ என்று போட்டிருந்தாலும் சரி. பொருள் கெட்டுப்போன அன்றைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத வாரண்டியால் உங்களுக்கு ஐந்து பைசா பிரயோஜனம் கிடையாது.

கும்மிடிப்பூண்டி தாலுகாவில் சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம், அந்தப் பக்கம் பொன்னேரி தாலுகாவில் பழவேற்காடு என்று ஏரியை ஒட்டி இருக்கிறவர்கள் இந்த விஷயத்தில் இரண்டு மடங்கு உஷாராக இருக்க வேண்டும். இங்கே அடிக்கும் காற்று ஒரு காரணம். பழுதான பொருளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய தூரம் இன்னொரு காரணம். இந்த இரண்டையும் வைத்துத்தான் மட்டமான கம்பெனிகள் தப்பித்துக்கொள்கின்றன.

வாரண்டி கார்டிலேயே இருக்கிறது பொறி

பழவேற்காடு, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்து சேரும்போது உப்பு குறையும். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, கடலைவிடக் கரிப்பாகிவிடும். அந்த உப்பு தண்ணீரோடு நிற்பதில்லை. காற்றில் ஏறி வண்டியின் ஒவ்வொரு இடுக்கிலும் படிகிறது. இறால், நண்டு ஏற்றும் வண்டிகளுக்கு இன்னும் மோசம். பெட்டியில் ஐஸ் உருகி, உப்பும் மீன் கழிவுமாகச் சொட்டுகிற தண்ணீர் கேரியர், செயின், பின்சக்கரம் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டே வருகிறது.

இரும்புக் கம்பிக்கு மேலே மெல்லிசாகக் குரோமியம் பூசிய கிராஷ் கார்டு, கடையில் கண்ணாடி மாதிரி மின்னும். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். அதன் வழியே உப்பு இறங்கி, உள்ளே துரு பிடித்து, மேல் பூச்சு செதில் செதிலாக உரிந்து வரும். வயரிங்கில் நடப்பது அதைவிட ஆபத்து. செம்புக் கம்பியில் களிம்பு ஏறினால் இணைப்பு சரியாகச் சேராது. அந்த இடம் சூடாகும். சூடு ஏறி ஏறி, மேலே சுற்றிய டேப் உருகும் அளவுக்குப் போகும். அதற்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க்.

இப்போது வாரண்டி கார்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘துரு, நிறம் மங்குதல், தண்ணீர் புகுதல், எரிந்துபோதல், தேய்மானம் ஆகியவற்றுக்கு வாரண்டி பொருந்தாது’ என்ற பொருளில் எறும்பு அளவு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். ஏரிக்கரையில் ஒரு பைக் லைட் என்னவெல்லாம் ஆகி வீணாகுமோ, அத்தனையையும் அந்த ஒரு வரி வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சம் இருப்பதற்குத்தான் வாரண்டி.

கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முடியும்:

“அண்ணே, லைட்டு வாங்கி ரெண்டு மாசம்கூட ஆவல. ஒரு பக்கம் எரியல.”

“தண்ணி பூந்திருக்கு தம்பி. உள்ள பாரு, ஆவி கட்டியிருக்கு. தண்ணி பூந்தா வாரண்டி கெடையாது.”

“மழையில எரியணும்னுதானேண்ணே லைட்டு வாங்குனதே?”

“நான் இன்னா பண்றது? கம்பெனிக்காரன் கார்டுல அப்படித்தான் போட்டிருக்கான். நம்பர் தரேன், நீயே பேசிக்கோ.”

அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

‘வாட்டர் புரூஃப்’ என்றால் எந்தத் தண்ணீர்?

லைட், சார்ஜர் பெட்டிகளில் ‘ஐ.பி. 67’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதில் 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதற்கு. 7 என்பது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் பாதிப்பு வராது என்பதற்கு. இது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட சோதனைதான், பொய்யில்லை. ஆனால் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். உப்பு அரிப்பைத் தாங்குமா என்று அந்த எண் எதுவும் சொல்வதில்லை. ஸ்குரூவும் பிராக்கெட்டும் அரித்து, மூடியின் ரப்பர் விளிம்பு தளர்ந்த பிறகு, 67 வெறும் எண்தான்.

உப்புக்குத் தனிச் சோதனை இருக்கிறது. 35 டிகிரி வெப்பத்தில், 5 சதவீத உப்புக் கரைசலைப் பனிபோல் தூவிக்கொண்டே இருந்து, எத்தனை மணி நேரத்தில் துரு வருகிறது என்று பார்ப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 9227 என்பது அதற்கான தரநிலை. உருப்படியான கம்பெனி என்றால், “உங்க கிராஷ் கார்டு சால்ட் ஸ்பிரே டெஸ்ட்ல எத்தனை மணி நேரம் தாங்கும்?” என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லும். அப்படி ஒரு சோதனை இருப்பதே தெரியாமல் முழித்தால், அந்தப் பொருள் உங்கள் ஊருக்காகச் செய்யப்பட்டதில்லை.

இன்னொரு ஏமாற்று, காந்தம். “பாருங்க, காந்தம் ஒட்டல. ஒரிஜினல் எஸ்.எஸ்.” என்று கடையிலேயே வித்தை காட்டுவார்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைந்த, விலை மலிவான 202 ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது. உப்புக் காற்றில் 202 சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துரு கக்கும். 304-கூடக் கடலோரத்தில் பழுப்பு படியும். படகுச் சாமான்களுக்கு மாலிப்டினம் சேர்ந்த 316-ஐத் தேடுவது அதனால்தான். காந்தத்தை நம்பாதீர்கள். எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

பெயர் மாறும், சரக்கு மாறாது

பைக் ஆக்சஸரிஸ் தொழிலின் பெரும்பகுதி சின்னச் சின்னப் பட்டறைகளிலும் டிரேடர்களிடமும்தான் ஓடுகிறது. சென்னை ஜி.பி. ரோடு கடைகளிலும் டெல்லி கரோல் பாக்கிலும் அடுக்கி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான பெயர்களில், சொந்தமாக அச்சு வைத்து, வெல்டிங் போட்டு, தன் பெயரைக் குத்தி விற்பவர்கள் ஒரு ரகம். மொத்தமாக இறக்குமதி ஆகிவரும் ஒரே லைட்டின் மேல் ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தில் நேர்மையானவர்கள் நிறைய உண்டு. உங்களை நட்டாற்றில் விடுவது இரண்டாவது ரகம். இந்த வருஷம் ஒரு பெயர், புகார்கள் சேர்ந்ததும் அடுத்த வருஷம் வேறு பெயர். பழைய பெயரின் வாரண்டி, அந்தப் பெயரோடு போய்விடும்.

இவர்கள் செய்யும் தந்திரங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

‘வாங்கிய 15 நாளுக்குள் பதிவு செய்தால்தான் வாரண்டி’ என்று உள்ளே ஒரு சீட்டு இருக்கும். ஸ்கேன் செய்தால் பக்கம் திறக்காது. நாள் கடந்துவிடும்.

‘பழுதான பொருளை உங்கள் செலவில் அனுப்புங்கள், பரிசோதித்துச் சொல்கிறோம்’ என்பார்கள். 600 ரூபாய் ஹோல்டருக்குக் கூரியருக்கே 150 ரூபாய் கேட்டால், அதற்காகக் கும்மிடிப்பூண்டி வரை போய்வர ஒரு நாள் தொழிலும் போனால், யார் அனுப்புவார்கள்? இது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலான வாரண்டிகள் செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

‘லைஃப்டைம் வாரண்டி’ என்பார்கள். யாருடைய ஆயுள்? உங்களுடையதா, வண்டியுடையதா, அந்த மாடல் கடையில் இருக்கும் காலமா? கார்டில் விளக்கம் இல்லாவிட்டால் அந்தச் சொல்லை நம்பிக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

‘ஐந்து ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் கேஷ்பேக்’ என்று பார்சலுக்குள் கார்டு வைப்பார்கள். பொருளை மாட்டுவதற்கு முன்பே போடப்பட்ட அந்த ஸ்டார்களைப் பார்த்துத்தான் அடுத்தவர் வாங்குகிறார். ஆன்லைன் மதிப்புரைகளை ஒழுங்குபடுத்த ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை 2022 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்ததே இந்தக் கூத்தைப் பார்த்துத்தான்.

‘பில் வேண்டாம்னா கொஞ்சம் கொறச்சுக்கறேன்’ என்பது எல்லாவற்றிலும் பெரிய தூண்டில். மிச்சமாவது நூறோ இருநூறோ. போவது, பின்னால் நீங்கள் கேட்கக்கூடிய அத்தனை உரிமைக்குமான ஆதாரம்.

ஹெல்மெட்டில் விளையாடாதீர்கள்

ஹோல்டர் உடைந்தால் போன் போகும். ஹெல்மெட் உடைந்தால்? 2021 ஜூன் 1 முதல், ஐ.எஸ். 4151 தரநிலைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முத்திரை இல்லாத ஹெல்மெட், பிரஷர் குக்கர் போன்றவற்றை வாங்க வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. அப்படியும் அடங்கவில்லை. 2025 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை மறுபடி ஒரு வேண்டுகோள் விடுத்தபோது சொன்ன கணக்கு இது: நாடு முழுக்க 176 தயாரிப்பாளர்களிடம்தான் செல்லத்தக்க உரிமம் இருந்தது, டெல்லியில் மட்டும், உரிமம் காலாவதியான அல்லது ரத்தான 9 தயாரிப்பாளர்களிடமிருந்து 2,500-க்கும் மேற்பட்ட ஹெல்மெட்டுகள் பறிமுதல் செய்யப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவர்கள் ஒரு காலத்தில் உரிமம் வைத்திருந்தவர்கள். அதாவது முத்திரை குத்தியிருப்பது மட்டும் போதாது. உரிமம் இன்றைக்கும் உயிரோடு இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ‘சி.எம்/எல்’ என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற அரசாங்க ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், யாருடைய உரிமம், இப்போது செல்லுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். ரோட்டோரம் துணி விரித்துக் குவித்து வைத்திருக்கும் ஹெல்மெட், போலீஸ் அபராதத்திலிருந்து வேண்டுமானால் காப்பாற்றலாம். தேசிய நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் விழுந்தால் காப்பாற்றாது.

வயரை வெட்டினால் வண்டி வாரண்டியும் போகும்

ஒரு சின்னக் கணக்கு. 40 வாட்ஸ் லைட் இரண்டு மாட்டினால் மொத்தம் 80 வாட்ஸ். 12 வோல்ட் பைக்கில் அது கிட்டத்தட்ட 6.7 ஆம்பியர் இழுக்கும். 100 சிசி பைக்குகளில் இருக்கும் பேட்டரி 3, 4 ஆம்பியர்-ஹவர்தான். இன்ஜினை அணைத்துவிட்டு, கரையில் வலை பிரிக்க லைட்டை எரியவிட்டால், கணக்குப்படி சுமார் அரை மணி நேரத்திலேயே பேட்டரி படுத்துவிடும். ஃபியூஸ், ரிலே எதுவும் வைக்காமல், ஹெட்லைட் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால் பேட்டரியோடு முடியாது.

புது வண்டி என்றால் இன்னொரு இடி. கம்பெனி வயரிங்கை வெட்டி ஒட்டியதைப் பார்த்ததும் ஷோரூமில் ‘எலக்ட்ரிக்கல் வாரண்டி கிடையாது’ என்பார்கள். லைட் கம்பெனியிடம் போனால் ‘மாட்டியது எங்கள் ஆள் இல்லை’ என்பார்கள். மெக்கானிக்கைக் கேட்டால் ‘லைட்டே மட்டம்’ என்பார். தீப்பிடித்து இன்ஷூரன்ஸ் கேட்டாலும், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள்.

அதற்காக, வெளிச் சாமான் எது மாட்டினாலும் மொத்த வாரண்டியும் போச்சு என்று ஷோரூம் மிரட்டினால் அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் கம்பெனி, வெளி உதிரிபாகம் போட்டால் வாரண்டி ரத்து என்று சொல்லி வந்ததை 2022 ஜூனில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தட்டிக்கேட்டது. அந்த நிபந்தனையைக் கைவிட வைத்தது. இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த பிரபலமான உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. அது கார் சம்பந்தப்பட்டதும்கூட. ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே: ‘நான் மாட்டிய பொருளால்தான் இந்தப் பழுது வந்தது என்று எழுதித் தருகிறீர்களா?’ ஹோல்டர் மாட்டியதற்காக கியர் பாக்ஸ் வாரண்டியை மறுக்க முடியாது. வயரை வெட்டிவிட்டு வயரிங் வாரண்டி கேட்கவும் முடியாது. கப்ளரில் அப்படியே செருகும் ரகத்தை வாங்கி, தனி ஃபியூஸ், ரிலேயோடு மாட்டினால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாம்.

சட்டம் உங்கள் பக்கம். ஆதாரம் இருக்கிறதா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20-ல். அதில் ஏரிக்கரைக்காரர்களுக்கு நேரடியாக உதவக்கூடிய சில விஷயங்கள் உண்டு.

பில் தராமல் இருப்பதே ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டம் வைத்திருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற ரப்பர் ஸ்டாம்பு, குறையுள்ள பொருள் விஷயத்தில் செல்லாது.

பொருளால் ஆளுக்கோ வண்டிக்கோ சேதம் வந்தால், கம்பெனி சொன்ன வாரண்டிப்படி அந்தப் பொருள் இல்லை என்பதே போதும். ‘நாங்கள் கவனமாகத்தான் தயாரித்தோம்’ என்று தயாரிப்பாளர் நழுவ முடியாது. தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை, நோட்டீஸ் அனுப்ப வழியில்லை என்றால், விற்ற கடைக்காரர் மாட்டிக்கொள்வார். கம்பெனி சொல்லாததை ‘நான் கேரண்டி’ என்று தன் வாயால் சொன்ன கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. அதனால் அந்தச் சொல்லைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

‘நீ மீன் வியாபாரத்துக்கு வண்டி ஓட்டுறே. இது கமர்ஷியல். நீ நுகர்வோரே கிடையாது’ என்று ஒரு வாதம் வரும். பயப்படாதீர்கள். சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் சொல்வதில்லை.

கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2025 தொடக்கத்தில் வந்த ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் பதிய வேண்டும்; மறந்துவிடாதீர்கள். வழக்கை 3 மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் இழுக்கும். அதனால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். தமிழிலேயே பேசலாம். கம்பெனிக்குப் புகார் போய்ச் சேர்ந்து, வழக்கு இல்லாமலே தீர வாய்ப்புண்டு.

ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் உங்கள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள் சொல்வது இது.

வாங்கும்போது என்ன செய்ய வேண்டும்?

பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம்-வருடம், எம்.ஆர்.பி., புகாருக்கான போன், வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்பது எல்லாம் இருக்க வேண்டும். 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பொருட்கள்) விதிகள்படி இது கட்டாயம்.

பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். மொத்தம் 15 இலக்கம். முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாடு. 37 என்றால் ஆந்திரா. 07 என்றால் டெல்லி. எல்லையோரம் இருக்கிறவர்கள் தடாவிலோ சூளூர்பேட்டையிலோ வாங்கினால் 37-ல் தொடங்க வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். சின்னக் கடைகளுக்குப் பதிவு இல்லாமல் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்கிறேன் என்பவரிடம் எண் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

வாங்குவதற்கு முன்பே, பெட்டியில் போட்ட புகார் நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். “உங்க லைட்டு ஒண்ணு தண்ணி பூந்து போச்சு. என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். யார் எடுக்கிறார்கள், எடுக்கிறார்களா, பில்லைக் கேட்கிறார்களா, போட்டோ அனுப்பச் சொல்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இரண்டு நாள் முயன்றும் யாரும் எடுக்கவில்லை என்றால் உங்கள் பணம் தப்பித்தது.

பார்சல் வந்தால், பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். பழுதானால் வீடியோ, பில், வாரண்டி கார்டு மூன்றையும் வாட்ஸ்அப்பிலும் இ-மெயிலிலும் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள். பேசியதற்குச் சாட்சி இல்லை. பதில் இல்லையென்றால் ஒரு பக்கக் கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பழுதான பொருளைக் கோபத்தில் ஏரியில் வீசிவிடாதீர்கள். ஆணையம் அதைச் சோதனைக்கு அனுப்பலாம்.

புகார் சொல்லப் போய்ப் புதைகுழியில் விழாதீர்கள்

இது மிக மிக முக்கியம். பெட்டியில் நம்பர் இல்லை என்று கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ தேடாதீர்கள். அப்படித் தேடுபவர்களுக்காகவே மோசடிக்காரர்கள் போலி நம்பர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். “சார், உங்களுக்கு ரீஃபண்ட் வந்துருக்கு. இந்த ஆப்பை டவுன்லோட் பண்ணுங்க” என்பார்கள். அது உங்கள் போன் திரையை அவர்கள் பார்க்கும் ஆப். “இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்பார்கள். பணம் வருவதற்கு ‘பின்’ நம்பர் தேவையே இல்லை. பின் போட்டீர்கள் என்றால் பணம் போகிறது என்று அர்த்தம். 600 ரூபாய் ஹோல்டருக்காக, இறால் விற்ற காசு மொத்தமும் போய்விடும். மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-க்குப் போன் போடுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள்.

நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்னக் கம்பெனி என்றாலே திருட்டுக் கம்பெனி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விளம்பரத்துக்குப் பணமில்லாத சின்னப் பட்டறைக்காரருக்கு வாடிக்கையாளர் நம்பிக்கைதான் மூலதனம். அதைக் காப்பாற்றத் தெரிந்தவர் சில காரியங்களைத் தவறாமல் செய்வார். ஒவ்வொரு பொருளிலும் பேட்ச் எண் குத்தியிருப்பார்; ஒரு லாட்டில் வெல்டிங் விட்டுப்போனால் எவையெவை என்று அவருக்குத் தெரியும். ஸ்குரூ, ரப்பர், பிராக்கெட்டைத் தனியாக விற்பார். ஒரு ரப்பருக்காக முழு லைட்டையும் மறுபடி வாங்க வைக்க மாட்டார். பழுதின் போட்டோவைப் பார்த்ததும் மாற்றுப் பாகத்தை அனுப்பிவிட்டு, பழையதைப் பிறகு கேட்பார். ‘உங்க வண்டிக்கு இந்த லைட் ஆகாது, வாங்காதீங்க’ என்று வியாபாரத்தை விட்டுக்கொடுக்கவும் செய்வார். தப்பு தன் பக்கம் என்றால் ஒப்புக்கொள்வார். அப்படி ஒருவர் கிடைத்தால் நூறு ரூபாய் கூட இருந்தாலும் அவரிடமே வாங்குங்கள்.

அப்படிப்பட்டவரிடம் நீங்களும் நேர்மையாக இருங்கள். கீழே விழுந்து வளைந்த கிராஷ் கார்டை ‘தானா வளைஞ்சுது’ என்று கொண்டு போனால், அடுத்து வரும் உண்மையான புகாரையும் அவர் சந்தேகப்படுவார்.

கடைக்காரர்களே, உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. டிஸ்ட்ரிபியூட்டரிடம் பில் இல்லாமல் மலிவாகச் சரக்கு எடுக்கிறீர்களா? வண்டி எரிந்து ஒருவர் ஆணையத்துக்குப் போனால், முகவரி இல்லாத கம்பெனிக்கு நோட்டீஸ் போகாது. உங்கள் கடைக்குத்தான் வரும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காமல் இருந்தால் ஒரு மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டுமே என்று சட்டம் சொல்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் பில்லைக் கேட்டு வாங்கி ஃபைலில் போடுங்கள்.

ஏரிக்கரையில் ஒரு ஆக்சஸரிஸ் கடைக்கு வாடிக்கையாளர்கள் சுற்றியுள்ள சில கிராமத்து ஆட்கள்தான். யாருக்கு எந்தப் பொருள் எத்தனை நாளில் துருப்பிடித்தது என்ற செய்தி, மீன் ஏலம் முடிவதற்குள் கரை முழுக்கப் பரவிவிடும். அந்தப் பேச்சைக் கடைக்குள்ளும் கொண்டு போங்கள். ஒரே வாரத்தில் பத்துப் பேர் ‘முகவரி எங்கே, பில் எங்கே’ என்று கேட்டால், அடுத்த லோடில் முகவரி இல்லாத சரக்கை அந்தக் கடைக்காரர் இறக்கவே யோசிப்பார். இன்றைக்கே கேட்க ஆரம்பியுங்கள்!